ஹேங் ஆன லேப்டாப் மறுபடி ஆன் ஆகவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

"வேலை பார்த்துக்கிட்டே இருந்தேன், அப்படியே நின்னுடுச்சு. மவுஸ்கூட நகரலை. பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணினேன். அதுக்கப்புறம் ஆன் ஆகவே மாட்டேங்குது." லேப்டாப் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அடிக்கடி வந்து சேரும் பேச்சு இது. கூடவே, "போர்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு வரியும் வரும். அப்படிப் போர்டு போனதாகச் சொல்லப்பட்டவற்றில் எத்தனையோ, ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் எழுந்திருக்கின்றன. அதனால்தான் நான் பார்க்கும் வரிசையை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் இருந்தபடியே இதில் பெரும்பகுதியை நீங்களே செய்துவிடலாம்.

லேப்டாப் ஆன் ஆவது ஒரே நொடியில் நடக்கும் ஒரே காரியமில்லை. மின்சாரம் உள்ளே வர வேண்டும். பவர் பட்டனைக் கவனிக்கும் சிறு சிப் விழித்திருக்க வேண்டும். பயாஸ் (போர்டிலேயே இருந்து, விண்டோஸுக்கு முன் ஓடும் தொடக்க மென்பொருள்) எழுந்து ரேமைச் சோதிக்க வேண்டும். பிறகு டிஸ்க்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதிலிருந்து விண்டோஸ் ஏற வேண்டும். கடைசியில்தான் பாஸ்வேர்டு கேட்கும் திரை. "ஆன் ஆகவில்லை" என்று சொல்லும்போது, இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் படி தெரியாமல் விண்டோஸை மறுபடி போடுவதும், ரேம் வாங்கி மாட்டுவதும் காசுக்கும் கேடு, உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் கேடு.

கோப்புகள் என்று சொன்னதால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். குழந்தையின் முதல் வருடப் படங்களை, பாதி எழுதிய ஆய்வேட்டை வாங்க முடியாது. டிஸ்க்கில் எதையாவது எழுதக்கூடிய எந்தச் சிகிச்சையும் கோப்புகளைப் பிரதி எடுத்த பிறகுதான். இந்த விஷயத்தில் மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் நான் இறங்கி வருவதில்லை.

பட்டனைத் தொடுவதற்கு முன்

ஹேங் ஆவதற்குச் சற்று முன் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பல சமயம் விடை அங்கேயே இருக்கும்.

தண்ணீரோ காபியோ சிந்தியிருந்தால் ஆன் செய்து பார்க்கவே வேண்டாம். சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றுங்கள், நேராகப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். ஈரத்தோடு மின்சாரம் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் போர்டை அரிக்கும். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிப்பாகம் உப்பி மேசையில் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தவே கூடாது. உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்து, அது "டிக்... டிக்..." என்று சீராகத் தட்டினால் உடனே ஆஃப் செய்துவிட்டு, கீழே கோப்புகளை எடுப்பது பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போங்கள்.

அடிப்பாகம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்ததா? அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தூசி அடைத்த ஃபேனால் சூடேறி நின்ற இயந்திரம், ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல எழும். மறுபடி நிற்பதற்குள் கோப்புகளை எடுத்துவிட வேண்டும் என்பதற்கு அது எச்சரிக்கை.

அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் அது உண்மையிலேயே ஹேங்தானா என்றும் யோசியுங்கள். விண்டோஸ் அப்டேட் ஒரே சதவீதத்தில் வெகுநேரம் நிற்பது உண்டு. டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். பயாஸ் அப்டேட் இன்னும் கவனமான விஷயம். அப்போது திரை கறுத்துப் போகும், ஃபேன் முழு வேகத்தில் சுழலும், சில நிமிடங்களுக்கு ஒன்றுமே தெரியாது. பயந்துபோய் அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்துவதுதான் நல்ல போர்டை உண்மையிலேயே முடக்கிவிடும்.

இன்னொன்று, பதற்றத்தில் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். அழுத்துங்கள், ஒரு முழு நிமிடம் காத்திருங்கள், என்ன நடக்கிறது என்று பாருங்கள், காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால்

இந்த நிலையில்தான் ஜனங்கள் சீக்கிரம் நம்பிக்கை இழக்கிறார்கள். எனக்கோ இதில் நம்பிக்கை அதிகம். காரணம், எம்பெடட் கண்ட்ரோலர் என்ற ஒரு சிறு சிப். பவர் பட்டன், கீபோர்டு, ஃபேன் வேகம், பேட்டரி சார்ஜ் எல்லாம் அதன் பொறுப்பு. லேப்டாப் ஆஃப் ஆனாலும் அது ஆஃப் ஆவதில்லை. வீடு தூங்கும்போது விழித்திருக்கும் காவலாளி அது. ஹேங் ஆனபோது அந்தச் சிப்பும் சேர்ந்து குழம்பிப்போனால், நீங்கள் பட்டனை அழுத்துவது அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் செத்த போர்டு போலவே இருக்கும்.

அதற்கு மருந்து, மின்சாரத்தை முழுக்க வடியவிடுவது. சார்ஜரைப் பிடுங்குங்கள். பென் டிரைவ், மவுஸ், மெமரி கார்டு, எச்டிஎம்ஐ கேபிள் எல்லாவற்றையும் எடுங்கள். பேட்டரி வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தால் எடுத்துவிடுங்கள். இப்போது பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். 10 விநாடியில் விட்டுவிட்டு "பண்ணிப் பார்த்தேன், வரலை" என்பவர்கள் நிறைய. 30 என்றால் 30, கடிகாரத்தைப் பார்த்துப் பிடியுங்கள். பிறகு பேட்டரியை மாட்டாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுச் சாதாரணமாக ஒரு முறை அழுத்துங்கள்.

லெனோவாவின் திங்க்பேட் பலவற்றில் இதற்கென்றே அடிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கிறது. சார்ஜரை எடுத்துவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை அதில் மெதுவாக நுழைத்து அழுத்தி, ஒரு நிமிடம் காத்திருந்து, சார்ஜரைச் செருக வேண்டும். பக்கத்தில் ஸ்பீக்கர் துளைகளும் இருக்கும், அங்கே குத்திவிடாதீர்கள். சில டெல் மாடல்களில் சார்ஜர் போட்ட நிலையிலேயே பட்டனை 25 விநாடிக்கு மேல் பிடித்தால் பயாஸின் கடிகாரமும் சேர்ந்து ரீசெட் ஆகும்.

அதிலும் அசையவில்லை என்றால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். டைப்-சி சார்ஜராக இருந்தால் அதன் மேல் எத்தனை வாட் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். ஃபோனுடன் வந்த 18 வாட் சார்ஜர் துளைக்குள் அழகாகப் போகும், ஆனால் 45 அல்லது 65 வாட் கேட்கும் லேப்டாப்பை எழுப்பாது. டைப்-சி துளை இரண்டு இருந்தால் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். சில மாடல்களில் ஒன்றில் மட்டும்தான் சார்ஜ் ஏறும். வட்டமுனை சார்ஜர் என்றால் அதே வோல்ட் இருக்கும் இன்னொன்றைக் கடன் வாங்கிப் பாருங்கள். வோல்ட் ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

பேட்டரி அடிமட்டம்வரை வடிந்திருந்தால் சார்ஜர் போட்டவுடன் விளக்கு எரியாமலும் இருக்கும். அரை மணி நேரம் செருகி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த சார்ஜரிலும் ஒரு விளக்குகூட வரவில்லை என்றால், அப்போது போர்டைப் பற்றிப் பேசலாம். வீட்டில் செய்ய அதற்கு மேல் ஒன்றுமில்லை.

விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

முதல் கேள்வி: லேப்டாப் ஓடவில்லையா, திரை மட்டும் வரவில்லையா? கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அறையை இருட்டாக்கி ஃபோன் டார்ச்சைத் திரையின்மேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் திரைக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம் மட்டும் போயிருக்கிறது. டிவியிலோ மானிட்டரிலோ எச்டிஎம்ஐ வழியாக இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் உங்கள் கோப்புகள் பத்திரம். அந்த டிவியைப் பார்த்தபடியே முதலில் அவற்றைப் பிரதி எடுத்துவிடுங்கள். விண்டோஸ் ஓடும்போதே திரை கறுத்திருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், திரை திரும்பி வந்தாலும் வரும்.

கேப்ஸ் லாக்கும் அசையவில்லை, வெளித்திரையிலும் ஒன்றுமில்லை என்றால், எந்த விளக்காவது ஒரே ஒழுங்கில் மினுக்குகிறதா என்று எண்ணுங்கள். அந்த மினுக்கல் வெறும் மினுக்கல் இல்லை, லேப்டாப் தன் நோயைச் சொல்லும் முறை. டெல்லில் ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்று வந்தால் ரேம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். 2, 4 என்றால் ரேமில் கோளாறு. 2, 1 என்றால் பிராசஸர். எச்பியில் 3 நீள மினுக்கல், 2 குறு மினுக்கல் வந்தாலும் ரேம் பக்கம்தான் கை காட்டுகிறது. ஃபோனில் வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டால் எண்ணுவது சுலபம், பிறகு பழுதுபார்ப்பவரிடம் காட்டவும் உதவும்.

ரேமைக் கழற்றி மாட்டுவதை நீங்களே செய்யலாம். கை நடுங்காமல், நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாத நேரத்தில் செய்யுங்கள். சார்ஜரை எடுத்துவிட்டு அடிமூடியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே வையுங்கள். மூடி திறந்ததும் முதல் வேலை, பேட்டரியின் இணைப்பைப் போர்டிலிருந்து பிரிப்பது. அதைச் செய்யாமல் ரேமைத் தொடாதீர்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போக, எர்த் உள்ள ஏதாவது உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். ரேமின் இரு பக்கமும் உள்ள கவ்விகளை வெளிப்பக்கமாக விலக்கினால் அது தானாகச் சாய்வாக எழும்பும். வெளியே எடுத்து, தங்க நிறத் தகடுகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, அதே சாய்வில் நுழைத்து, கீழே அழுத்தினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள், பிறகு மற்றதை மட்டும். ஒன்றில் ஓடி மற்றதில் ஓடவில்லை என்றால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டது. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்த வேலைக்கு இடமில்லை.

டிடிஆர்5 ரேம் உள்ள புதிய லேப்டாப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரேமைக் கழற்றி மாட்டிய பிறகோ பயாஸ் ரீசெட் ஆன பிறகோ முதல் முறை ஆன் செய்யும்போது, ரேமோடு எந்த வேகத்தில் பேசுவது என்று பிராசஸர் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். சில நிமிடங்கள்வரை திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் கொடுங்கள்.

கம்பெனி லோகோ வருகிறது, அதோடு நிற்கிறது

லோகோ வந்துவிட்டது என்றால் மின்சாரம், பிராசஸர், ரேம், திரை நான்கும் பெரும்பாலும் நலம். இனி சந்தேகம் டிஸ்க் மேல். வெளியே செருகியிருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு முறை ஆன் செய்யுங்கள். மறந்துபோன ஒரு பென் டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கும் லேப்டாப்பும் உண்டு.

அடுத்து பயாஸுக்குள் போக வேண்டும். ஆன் செய்தவுடன் டெல், ஏசர், ஏசுஸ் ஆகியவற்றில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். உள்ளே போனதும் எதையும் மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: சேமிப்பகப் பட்டியலில் உங்கள் எஸ்எஸ்டியோ (சுழலும் தகடு இல்லாத, சிப்பால் ஆன டிஸ்க்) ஹார்ட் டிஸ்க்கோ பெயரோடு தெரிகிறதா?

தெரியவில்லை என்றால் அது இணைப்பில் தளர்ந்திருக்கலாம், அல்லது டிஸ்க் கைவிட்டிருக்கலாம். ரேமுக்குச் சொன்ன அதே கவனத்தோடு மூடியைத் திறந்து, எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டியின் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி, வெளியே இழுத்து மறுபடி மாட்டுங்கள். எஸ்எஸ்டி பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போல முனகி எச்சரிப்பதில்லை. நேற்றுவரை வேகமாக ஓடியது இன்று ஹேங் ஆகி, அடுத்த முறை ஆன் செய்யும்போது பட்டியலிலேயே இல்லாமல் போகும். ஹேங் ஆனதற்கும் ஆன் ஆகாததற்கும் ஒரே காரணம் என்று நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். சில சமயம் அது டிஸ்க்கின் உள்ளே ஓடும் மென்பொருளின் (ஃபர்ம்வேர்) பிழையாகவும் இருக்கும். க்ரூஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி மொத்தம் 5,184 மணி நேரம் ஓடியதும் பதில் சொல்லாமல் நிற்கும். ஆஃப் செய்து ஆன் செய்தால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் அதைச் சரிசெய்தது. டிஸ்க் நலமாக, எழுதிய நிரல் மட்டும் பிழையாக இருந்த கதை அது. அதனால், பிரதி எடுத்த பிறகு டிஸ்க்குக்கு ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் பயாஸில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது என்றால், பயாஸ் அமைப்புகள் அழிந்து தொடக்க நிலைக்குப் போயிருக்கின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்டெல் லேப்டாப்புகளில் டிஸ்க்கை எந்த முறையில் இயக்குவது என்று ஒரு தேர்வு உண்டு: ஏஎச்சிஐ, அல்லது ரெய்டு, விஎம்டி என்ற பெயரில். விண்டோஸ் போட்டபோது இருந்த தேர்வு மாறிவிட்டால், நல்ல டிஸ்க்கில் இருக்கும் நல்ல விண்டோஸே நீலத்திரை காட்டி, 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று சொல்லி நிற்கும். அந்தத் தேர்வைப் பழையபடி மாற்றினால் ஒரே நொடியில் சரியாகும். இது தெரியாமல் எத்தனை விண்டோஸை அழித்து மறுபடி போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு வலிக்கிறது.

தேதி மறுபடி மறுபடி பின்னால் போனால் போர்டில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். பல மாடல்களில் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி.

விண்டோஸ்வரை வந்து சுற்றிக்கொண்டே இருந்தால்

தொடர்ந்து இரண்டு மூன்று முறை பாதியில் நின்றால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குள் போகும். போகவில்லை என்றால், புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பட்டனைப் பிடித்து ஆஃப் செய்வதை இரண்டு முறை செய்யுங்கள். மூன்றாம் முறை அந்தத் திரை வரும். நான் முதலில் வேண்டாம் என்று சொன்ன காரியத்தை இங்கே தெரிந்தே, எண்ணிச் செய்கிறோம். ஹார்ட் டிஸ்க் தட்டும் லேப்டாப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

நீலப் பின்னணியில் 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. உள்ளே போனதும் நான் தொடும் வரிசை இது: முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அது தோற்றால், ஹேங் ஆவதற்கு முன் அப்டேட் ஓடியிருக்கும்பட்சத்தில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. பிறகு 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக 4 என்ற எண்ணை அழுத்தி சேஃப் மோட் (அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் முறை). சேஃப் மோடில் ஒழுங்காக ஓடினால் டிஸ்க்கும் ரேமும் பெரும்பாலும் குற்றமற்றவை. ஏதோ ஒரு டிரைவரோ ஆன்ட்டிவைரஸோ தடுக்கிறது. சமீபத்தில் போட்டதை நீக்கிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் சிஸ்டம் ரிஸ்டோர், அதாவது விண்டோஸை முன்பு பதிவான நிலைக்குத் திருப்புவது.

2024 ஜூலை 19 நினைவிருக்கலாம். க்ரௌட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் சுற்றிச் சுற்றி நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அவற்றின் வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. சேஃப் மோடுக்குள் போய் ஒரே ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்தன. அன்று பல இடங்களில் வேலையைத் தாமதப்படுத்தியது பிட்லாக்கர் சாவி. உங்களிடமும் அது கேட்கப்படலாம்.

பிட்லாக்கர் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் நீங்கள் கேட்காமலேயே போடப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். பயாஸ் ரீசெட் ஆனாலோ போர்டு மாறினாலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். ஃபோனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதிக்குள் தேடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் அலுவலகத்தின் ஐடி பிரிவில் கேளுங்கள். திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியான சாவியை எடுக்க வேண்டும். அந்தச் சாவி இல்லாமல் யாராலும் கோப்புகளை எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

முன்பு சொன்ன 'ட்ரபிள்ஷூட்' திரையில் 'ரீசெட் திஸ் பிசி' என்று ஒன்று கண்ணைக் கவரும் இடத்தில் இருக்கும். அதைக் கடைசிவரை தொடாதீர்கள். 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்று தேர்ந்தாலும், சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அத்தனை எழுத்து வேலை நடக்கக் கூடாது. டிஸ்க்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க்குக்கும் அதே விதி. நல்ல டிஸ்க்கில் அது மருந்து. நோயுள்ள டிஸ்க்கில் மணிக்கணக்காக ஒவ்வொரு மூலையையும் படிக்கவைத்து மிச்ச உயிரையும் வாங்கிவிடும்.

கோப்புகளை வெளியே எடுப்பது

விண்டோஸ் எழவில்லை என்பதற்காகக் கோப்புகள் போய்விட்டன என்று நினைக்காதீர்கள். வேறொரு கணினியில் 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் உபுண்டு லினக்ஸை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தது அழிந்துவிடும், காலியானதை எடுங்கள். அதை உங்கள் லேப்டாப்பில் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 (எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப்) தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு வந்ததும் 'ட்ரை' என்ற தேர்வை எடுங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் போகாதீர்கள், அது உங்கள் டிஸ்க்கை அழிக்கும் வழி. பைல்ஸ் செயலியைத் திறந்தால் உங்கள் விண்டோஸ் டிஸ்க் அங்கே தெரியும். பிட்லாக்கர் போட்டிருந்தால் சாவி கேட்கும். 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். இன்னொரு வெளி டிஸ்க்கைச் செருகி அதற்குப் பிரதி எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். எது போனால் அழுவீர்களோ அதை முதலில் எடுங்கள். சினிமாவும் மென்பொருளும் பிறகு பார்க்கலாம். ஓரிடத்தில் பிரதி நின்றுபோனால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

போர்டே எழவில்லை ஆனால் டிஸ்க் கழற்றக்கூடியது என்றால், டிஸ்க்கை உள்ளே வைத்து வேறொரு கணினியில் செருகும் யூஎஸ்பி உறை ஒன்று போதும். எம்.2 வடிவத்தில் என்விஎம்ஈ, சாட்டா என்று இரு வகை எஸ்எஸ்டி உண்டு. உங்களுடையது எது என்று அதன் மேல் ஒட்டிய தாளில் பார்த்துவிட்டு வாங்குங்கள். தட்டும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் இந்த எதற்கும் உட்படுத்தாதீர்கள். அதில் விலைமதிப்பில்லாதது இருந்தால் ஆஃப் செய்தபடியே தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்து தகடு கெடும்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு

டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்பு சிப் உள்ள இன்டெல் மேக்புக் என்றால், ஆஃப் ஆன நிலையில் இடது கண்ட்ரோல், இடது ஆப்ஷன், வலது ஷிஃப்ட் மூன்றையும் 7 விநாடி பிடித்து, விடாமலேயே பவர் பட்டனையும் சேர்த்து இன்னும் 7 விநாடி பிடியுங்கள். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சில விநாடி கழித்து ஆன் செய்யுங்கள். எம்1 முதலான ஆப்பிள் சிப் உள்ளவற்றில் அப்படி ஒரு ரீசெட் கிடையாது. பவர் பட்டனைத் தொடர்ந்து பிடித்தால் தொடக்கத் தேர்வுகள் வரும். அதுவும் வராவிட்டால் இன்னொரு மேக்கோடு கேபிளில் இணைத்து ஃபர்ம்வேரை உயிர்ப்பிக்க முடியும். அங்கே 'ரிவைவ்' கோப்புகளைத் தொடாது, 'ரிஸ்டோர்' எல்லாவற்றையும் அழிக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நிதானமாகப் படித்துத் தேர்ந்தெடுங்கள்.

எழுந்துவிட்டது, அப்புறம்?

சந்தோஷத்தில் மூடி வைத்துவிட்டுப் போகாதீர்கள். முதலில் பிரதி. பிறகு, ஏன் ஹேங் ஆனது என்று கேளுங்கள். காரணம் உள்ளே அப்படியே இருந்தால் மறுபடி வரும்.

விண்டோஸில் 'ஈவண்ட் வியூவர்' திறந்து சிஸ்டம் பதிவுகளைப் பாருங்கள். 'கெர்னல்-பவர் 41' என்ற சிவப்பு வரி கண்டிப்பாக இருக்கும். அதைப் பார்த்து மின்சாரக் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். ஒழுங்காக ஆஃப் ஆகாமல் நின்றது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. அதற்குச் சில நிமிடம் முன்னால் இருக்கும் வரிகள்தான் சாட்சி. டிஸ்க் என்ற பெயரில் 7 என்ற எண் இருந்தால் டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் இருக்கிறது. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. 'வீயா-லாகர்' (WHEA-Logger) என்று வந்தால் பிராசஸர், ரேம், போர்டு பக்கம் பார்க்க வேண்டும். க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையை ஒரே பார்வையில் காட்டும். மஞ்சளோ சிவப்போ காட்டினால் புது டிஸ்க் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். ரேமுக்கு மெம்டெஸ்ட்86 போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் மாற்றப்பட வேண்டியது.

இந்த எதுவும் பயனளிக்காமல் வெளியே கொடுக்க நேர்ந்தால், "ஆன் ஆகலை" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். எந்தப் படியில் நிற்கிறது, எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள், விளக்கு எப்படி மினுக்கியது, ஹேங் ஆவதற்கு முன் என்ன ஓடியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எனக்கு அப்படி ஒரு தாளோடு வரும் லேப்டாப்பில் தேடும் நேரம் பாதியாகக் குறைகிறது. கோப்புகளை நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதே தாளின் மேலேயே பெரிய எழுத்தில் "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்" என்று எழுதி, லேப்டாப்பின் மூடி மேல் டேப் போட்டு ஒட்டுங்கள். போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால், டிஸ்க்கை உங்கள் கையில் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு சரி என்று சொல்லுங்கள். டிஸ்க் போர்டோடு பற்றவைக்கப்பட்ட மாடல் என்றால், பழைய போர்டைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.